கடைசியில் வார்த்துக்கொள்பவள்

எங்கள் பக்கத்தில் ஆற்றிலும் கிணற்றிலும் செய்வதற்குப் பெயர் குளிப்பது. வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், வெந்நீரில் நடப்பதற்குப் பெயர் 'தண்ணி வாத்துக்கிறது'. ராசிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மூத்த பெண்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். வகுப்பில் இலக்கணம் நடத்தும்போதெல்லாம் இந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வரும். 'வார்த்துக்கொள்' என்றால் தனக்குத்தானே வார்ப்பது. ஆனால் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் 'வாத்துக்கிட்டோம்' என்று சொல்கிற நாளிலெல்லாம் பக்கத்தில் ஒரு பெண் சொம்போடு நின்றிருக்கிறாள். சொல்லுக்குப் பொருந்த, உண்மையில் தனக்குத்தானே வார்த்துக்கொள்பவள் அவள் ஒருத்திதான்.

தீபாவளி நோம்பியன்று இது பளிச்சென்று தெரியும். முந்தின இரவே அண்டா நிறையவேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு. எங்கள் வீட்டில் காய்ந்த குச்சிக்கிழங்குக் குச்சியும் தென்னை மட்டையும் எரிப்பார்கள். கிழங்குக் குச்சி குப்பென்று பிடித்து உடனே சாம்பலாகிவிடும். அதனால் அடுப்பை விட்டு ஆள் நகர முடியாது. நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டுக் காய்ச்சவேண்டும். அரப்புத் தழையைப் பல நாள் முன்பே காயவைத்து இடித்துச் சலித்து வைத்திருக்கவேண்டும், காலையில் அதை வடிகஞ்சியில் குழைக்கவேண்டும். (சீயக்காய் காசு கொடுத்து வாங்குவது. அரப்பு மரம் கரட்டோரம் சும்மா நிற்கும். அது கண்ணில் பட்டால் எரிகிற எரிச்சலைத் தெரியாதவர்கள் கொங்குப் பக்கத்தில் பிறந்தவர்களாக இருக்க முடியாது.) அப்பாவுக்கு முதல் தண்ணீர். பிறகு சித்தப்பா, அண்ணன், பிறகு நான். ஒவ்வொருவர் தலையிலும் அம்மா எண்ணெய் வைத்தாள், முதுகு தேய்த்தாள், தண்ணீர் வார்த்தாள்.

அன்றைக்கு எண்ணெயில் லட்சுமியும் வெந்நீரில் கங்கையும் இருப்பதாக ஐதீகம். சூரியன் எழுமுன் குளித்தால்தான் அது கங்கை. அம்மாவின் முறை வரும்போது வெயில் ஓட்டின்மேல் ஏறியிருக்கும், அண்டாவின் அடியில் சாம்பல் மிதக்கிற வெதுவெதுப்பு மீந்திருக்கும். வீட்டில் அத்தனை பேருக்கும் கங்கையைக் கொண்டுவந்தவளுக்கு ஒரு வருடமும் கங்கை கிடைக்கவில்லை. அவள் தலையில் எண்ணெய் வைக்க ஒரு கை நீளவில்லை.

அப்பத்தாவுக்கு அதுவும் இல்லை. முப்பது வயதுக்குள் தாலியறுத்தவள். அடுப்பெரிக்க அவள் வேண்டும், ஆனால் பிள்ளைகள் தலையில் முதல் சொட்டு எண்ணெய் வைக்க அவள் கை ஆகாது. அவள் அடுப்புக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருப்பாள்.

நரகாசுரனைக் கொன்றது சத்தியபாமாதான் என்று ஒரு கதை உண்டு. பூமித்தாயின் அவதாரமான அவளே தன் பிள்ளையைக் கொன்றாள் என்பது கதை. போர் முடிந்து கண்ணன் எண்ணெய் தேய்த்துக் குளித்ததால்தான் நாமும் குளிக்கிறோமாம். வில்லை எடுத்தவள் குளித்தாளா? நான் கேட்டு வளர்ந்த கதையில் அவளுக்குத் தண்ணீர் வார்த்தவர் யாரும் இல்லை.

எண்ணெய் முழுக்கைப் பற்றி நம்மிடம் விதிகளுக்குக் குறைவில்லை. ஆணுக்குப் புதனும் சனியும், பெண்ணுக்குச் செவ்வாயும் வெள்ளியும். நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்கிறார் தேரையர். நல்ல வைத்தியம்தான். ஆனால் எப்போது பெண்ணோடு கூடக்கூடாது என்பதையும் அதே வரிசையில் சொல்கிறது அந்தப் பாட்டு. அதில் பேசுகிற 'நாம்' யார் என்பதை இதற்குமேல் விளக்கவேண்டியதில்லை.

பெண்ணுக்கோ தண்ணீர் என்பது உடம்புக் கணக்கு. 'தலைக்கு ஊத்திக்கிட்டியா?' என்று மாமியார் கேட்டால் அது தலையைப் பற்றிய கேள்வி இல்லை. வயதுக்கு வந்தால் தண்ணீர், தீட்டுக் கழிந்தால் தண்ணீர், பிள்ளை பெற்றால் தண்ணீர். தெற்கே, விருதுநகர், மதுரைப் பக்கத்தில், அதே சொல் இன்னும் பயங்கரமான ஒன்றுக்குப் பெயர். படுக்கையில் விழுந்த முதியவரை விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் புகட்டிச் சாகவிடும் தலைக்கூத்தல். 2010இல் செய்தித்தாள்கள் எழுதியபோது ஊர் அதிர்ந்தது. எனக்கு அப்பத்தா நினைவுதான் வந்தது. ஆயுள் முழுக்க எவரும் எண்ணெய் வைக்காத ஒரு தலையில் கடைசியாக அத்தனை கைகளும் சேர்ந்து எண்ணெய் வைக்கிற ஒரு காலையை என்னால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

என்னிடம் படித்த பெண்ணொருத்தி பின்லாந்தில் தாம்பரே நகரத்தில் செவிலியாக இருக்கிறாள். போன டிசம்பரில் பேசும்போது, "மேடம், இங்கயும் தீவாளிக்குத் தண்ணி வாக்கறாங்க" என்று சிரித்தாள். அவள் சொன்னது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எடுக்கிற நீராவிக் குளியல், 'யோலுசவுனா'. மரப்பலகை அறையில் கல்லைச் சூடேற்றி அதன்மேல் நீர் தெளித்து, எழும்பும் ஆவியில் உடுப்பில்லாமல் உட்கார்வது. 55 லட்சம் பேருள்ள நாட்டில் 30 லட்சத்துக்குமேல் சவுனாக்கள். 2020இல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நண்பகலில் துர்க்கு நகரத்தில் கிறிஸ்துமஸ் அமைதியை அறிவிப்பார்கள். பிறகு குளியல், அதன் பிறகே விருந்து.

அந்த நாட்டுப் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று எழுதிவிட எனக்கு விருப்பமில்லை. பழைய புகைச் சவுனா சூடேறப் பல மணி நேரம் ஆகும். அங்கும் தண்ணீர் சுமந்தவர்களில் பெண்கள் நிறைய, 'முதலில் ஆண்கள், பிறகு பெண்கள்' என்பது பல வீடுகளில் வழக்கம். ஆனால் இரண்டு விஷயங்கள் என் மனதை விட்டுப் போகவில்லை. பண்ணை வீடுகளில் பெண்கள் பிள்ளை பெற்றது அந்த அறையில்தான். வீட்டில் கதகதப்பும் சுத்தமும் உள்ள இடம் அதுவே என்பதால், வலி கண்டவளுக்காக அதைச் சூடேற்றினார்கள். பிணத்தைக் கழுவியதும் அங்கேதான். அடுத்தது, கிறிஸ்துமஸ் குளியலில் எல்லோரும் குளித்து முடித்தபின் சவுனாவை அணைத்துவிட மாட்டார்கள். கொஞ்சம் சூடும் கொஞ்சம் நீரும் விட்டுவைப்பார்கள். அதைக் காக்கும் குட்டிப்பூதத்துக்கு, செத்துப்போன முன்னோருக்கு. கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கென்று எடுத்துவைத்த கடைசிச் சூடு அது. எங்கள் பொடக்காலியில் கடைசியில் மிஞ்சியதை எவரும் எடுத்துவைக்கவில்லை, அது மிஞ்சியது, அவ்வளவுதான்.

இப்போது பொடக்காலி இல்லை. மாடியில் சோலார் தொட்டி, குளியலறையில் ஹீட்டர். அரப்புப் பொடி கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. இருந்தும் தீபாவளிக்கு அம்மா மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறாள். இந்த வருடம் அவளுக்கு முன்பே எழுந்து எண்ணெயைக் காய்ச்சிவிட்டேன். மணையில் உட்காரச் சொன்னதும், "உங்கப்பா வாத்துக்கிட்டாரா?" என்றாள்.

"ஹீட்டர் இருக்குது, அவரே புடிச்சுக்குவாரு. நீ உக்காரும்மா."

உச்சியில் எண்ணெயை வைத்தபோது அவள் கழுத்து இறுகியிருந்தது. எழுபத்து மூன்று வயதில் மற்றவர் கைக்குத் தலையைக் கொடுக்கத் தெரியவில்லை. முடி மெலிந்து, மண்டையோட்டின் வளைவு விரலுக்குத் தெரிந்தது. பாதியில் கதவுப் பக்கம் திரும்பி, "என்னங்க, துண்டு கொடியில இருக்குது" என்று குரல் கொடுத்தாள். பிறகு என்னிடம், "காதுக்குப் பின்னால வை கண்ணு," என்றாள், "அங்கதான் சூடு நிக்கும்."