கொசுவிற்கும் நோய் உண்டு

ஆதம்பாக்கத்தில் வாழ்வோர்க்குக் கொசுவைப் பற்றி எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏரியும் தாழ்ந்த நிலமும் மழைநீர் வடியத் தயங்கும் தெருக்களும் உடைய ஊர் இது. சாக்கடையில் பிறப்பது கியூலெக்ஸ். பூந்தொட்டியின் அடித்தட்டிலும் கொட்டாங்கச்சியிலும் பிறப்பது ஏடிஸ். மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் பிறப்பது அனாபிலஸ். ஏடிஸ் பகலிலும் மற்றவை இரவிலுமாக முறைவைத்து வருகின்றன. கொதுகு, உலங்கு, நுளம்பு என்று தமிழ் இதற்கு இத்தனை பெயர்களை இட்டிருப்பதை நோக்குங்கால், நம் முன்னோரும் நிம்மதியாக உறங்கவில்லை என்றே தோன்றுகிறது. இவற்றுள் நுளம்பு என்னும் சொல் ஈழத்தில் இன்றும் பேச்சு வழக்கில் வாழ்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு வாரத்தில், எங்கள் இல்லத்துச் சிறுவனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்து வருவதைக் காட்டும் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். அப்போது எம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. பிள்ளையைப் படுக்கையில் வீழ்த்திய அதே வைரஸைத் தன் உடலில் சுமந்து திரிந்த கொசு, தான் ஏன் நோயுற்று விழவில்லை? பிள்ளை நலம்பெற்று இல்லம் திரும்பினான். வினா எம்மை விடவில்லை. கிடைத்த நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படிக்கலானோம்.

கொசுவும் நோயுறும் உயிரே. அதன் முதற்பகை பாக்டீரியா. புழுப் பருவத்தில் அது வாழும் நீரே பாக்டீரியா நிறைந்த கஞ்சி. அதைத்தான் அது உண்ணவும் செய்கிறது. வளர்ந்தபின் பகைவன் மேலோட்டின் கீறல் வழியாகவோ குடல் வழியாகவோ உள்ளே நுழைகிறான். நம் உடலைப்போல் எதிர்ப்பொருள்களை ஆக்கும் திறன் கொசுவிற்கு இல்லை. ஆயினும் அது தோற்றுவிடுவதில்லை.

கொசுவின் குருதி நிறமற்றது; குழாய்களுக்குள் அடங்காமல் உடற்குழி முழுதும் பரவி நிற்பது. முதுகுப்புறமாக நீண்ட ஒரு குழாயே அதன் இதயம். அதன் பக்கங்களில் உள்ள சிறு வாயில்கள் வழியே குருதி உட்புகும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஹில்யர் என்பாரின் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. பாக்டீரியாவை உடலுள் செலுத்திய சில நிமிடங்களிலேயே, மிதந்து திரிந்த காவலணுக்கள் விரைந்து சென்று இதய வாயில்களைச் சூழ்ந்துகொள்கின்றனவாம். குருதி மிகுதியாகப் பாயும் இடம் அதுவே. ஆகவே பகைவன் அவ்வழியே வந்துதீர வேண்டும். வந்தவனை அணுக்கள் விழுங்குகின்றன. கோட்டை வாயிலில் படையை நிறுத்தும் கலையை ஒரு கொசு அறிந்திருக்கிறது!

இரண்டாவது படை சில மணி நேரம் கழித்துப் புறப்படும். நம் கல்லீரலின் பணிகள் பலவற்றைப் பூச்சிகளில் கொழுப்புத் திசு செய்கிறது. பாக்டீரியாவின் சுவர்த் துணுக்குகளைச் சில புரதங்கள் இனங்கண்டு செய்தி அனுப்ப, அத்திசு டிஃபென்சின், செக்ரோபின் முதலிய சிறு புரதங்களைச் சுரக்கிறது; இவை பகைவனின் சவ்வைத் துளைத்துக் கொல்வன. செக்ரோபினை 1981-இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு போமான் குழுவினர். செய்தி செல்லும் வழிகள் இரண்டு: டோல், ஐஎம்டி. பழ ஈயில் டோல் வழி பூஞ்சையிலிருந்து காப்பதை பிரான்சின் ஹாஃப்மன் குழுவினர் 1996-இல் காட்டினர். 2011-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். டோல் போன்ற புரதங்கள் நம் குருதியணுக்களிலும் உள்ளன.

விழுங்க முடியாததைக் கருநிற உறையிட்டுப் புதைப்பதும் ஒரு முறை. நம் தலைமுடிக்கு நிறம் தரும் மெலனின் வகையே அந்த உறை. சென்னை மாகாணத்தில் மருத்துவப் பணியைத் தொடங்கிய ரொனால்டு ராஸ், 1898-இல் கொசுக்களினுள் கரிய துகள்களைக் கண்டு பதிவு செய்தார். அவை கொசுவால் கருநிற உறையிடப்பட்ட மலேரியா ஒட்டுண்ணிகள் என்பது பின்னாளில் விளங்கியது.

இனி எம் வினாவிற்கு வருவோம். கொசு குருதி குடித்ததும் அதன் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவற்றை அடக்க எதிர்ப்பாற்றல் விழித்தெழுகிறது. அதே குருதியோடு வந்த டெங்கு வைரஸும் அந்த விழிப்பில் அடிபடுகிறது. குடற்பாக்டீரியாக்களை மருந்தால் நீக்கிய ஏடிஸ் கொசுவில் வைரஸ் ஏறத்தாழ இரு மடங்கு பெருகியதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2008-இல் கண்டனர். ஆயினும் கொசு வைரஸை முற்றாக ஒழிப்பதில்லை; தனக்குக் கேடு வராத அளவில் அடக்கி வைத்துக்கொள்கிறது. கொசுவிற்குப் போதுமான அந்த அடக்கம் எங்கள் பிள்ளைக்குப் போதவில்லை.

இன்னொன்றும் உண்டு. வைரஸ் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய எட்டு முதல் பன்னிரண்டு நாள்கள் வேண்டும். எனவே நோயைத் தருவது முதிய கொசுவே. முதுமையில் ஏடிஸின் காவலணுக்கள் குறைவதையும், அதனால் பாக்டீரியாவிற்கு அது எளிதில் இரையாவதையும் 2005-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. கொசுவின் கிழப்பருவத்தை எண்ணி ஆதம்பாக்கத்தார் இரங்குவார்களோ, அறியோம்.

இத்துறையில் நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்த பணி புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி ஆய்வு மையத்தினுடையது. வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவைத் தாங்கிய, உள்ளூர் இயல்புடைய ஏடிஸ் இனங்களை உருவாக்கியதாக அம்மையம் 2022-இல் அறிவித்தது. இந்தப் பாக்டீரியா கொசுவின் உயிரணுக்களுக்குள்ளேயே தங்கி, முட்டை வழியே தலைமுறைதோறும் தொடர்வது. ஏடிஸில் அது குடியேறினால் எதிர்ப்பாற்றல் தூண்டப்படுகிறது. வைரஸுக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்களும் குறைகின்றன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு நோயாளர் எண்ணிக்கை 77 விழுக்காடு குறைவாக இருந்ததென 2021-இல் முடிவு வெளியாயிற்று.

இதனை எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் கூறியபோது அவர் முகம் சுளித்தார். “கொசுவை ஒழிக்கச் சொன்னால், நோய்க்கிருமியை ஏற்றி வளர்த்து விடுவதா, தம்பி?” என்றார். அவர் அச்சம் புறந்தள்ளத் தக்கதன்று. ஆனால் வோல்பாக்கியா மனிதரைத் தொற்றுவதில்லை. 1924-இல் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே ஒரு கியூலெக்ஸ் கொசுவில்தான். நம் சாக்கடைக் கொசுவிலும் அது இயல்பாகவே வாழ்கிறது. இதனை எடுத்துரைத்தோம்.

“அப்படியானால் பிறந்த நாளிலிருந்து அதனிடம் கடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறேனா?” என்று கேட்டார். ஆம் என்றோம். சிறிது நேரம் எண்ணியிருந்து, “சரி, வரட்டும். ஆனால் விடுவதற்கு முன்னால் தெருவைக் கூட்டி வைத்து, இப்போது நீங்கள் சொன்னதை அவர்களே எங்களுக்குச் சொல்லட்டும்” என்றார். எமக்கும் அதுவே உடன்பாடு.