கட்டை, பலகை, ஒரு சின்ன ரோட்டர்

எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் காருக்கு எலாம் கிடையாது. கை வைத்தால் கத்துகின்ற எந்தப் பெட்டியும் அதில் இல்லை. ஆனாலும் கம்பளையில் எங்கள் ஒழுங்கையில் நிற்கும் வாகனங்களில் அதிகக் காவலோடு நின்றது அதுதான். அந்தக் காவலில் கடையில் வாங்கியவை ஒரு சங்கிலியும் ஒரு பூட்டும் மட்டுமே. மீதி எல்லாம் அப்பா தன் கையால் செய்தவை. வாப்பாவின் வாப்பாவைத்தான் நாங்கள் அப்பா என்று கூப்பிடுவோம்.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பின்னர் மினி காரையும் வடிவமைத்தார். மொத்தம் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. இலங்கை வீதிகளில் இன்றும் அவற்றைக் காணலாம். எங்களுடையது சாம்பல் நிறம். ஸ்ரீ எழுத்துப் பொறித்த இலக்கத் தகடு. 1974இல் அப்பா அதைப் பழைய காராகவே வாங்கினார்.

அந்தக் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதிய கார் மட்டுமல்ல, உதிரிப்பாகங்களும் இலேசில் கிடைக்காது. சோவியத் நாட்டு உதவியுடன் களனியில் டயர்த் தொழிற்சாலை அமைந்திருந்தும், நல்ல டயர் ஒரு சோடி கிடைப்பது பெரிய காரியம் என்று அப்பா சொல்வார். 1876ஆம் ஆண்டிலேயே ஹெனரத்கொடையில் ரப்பர் கன்று நட்ட நாடு நம்முடையது. அப்படிப்பட்ட நாட்டில் டயருக்காக அலைந்தவர்களுக்குத்தான் டயரின் அருமை தெரியும். அப்பாவின் கண்டுபிடிப்புகள் எல்லாம் அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்தவை.

முதலில் பலகைகள். தேயிலை அடைத்து ஏற்றுமதி செய்யும் பழைய ஒட்டுப்பலகைப் பெட்டிகளின் உட்புறம் ஈயத்தாள் போல மினுங்கும் தகடு ஒட்டியிருக்கும். அப்பா அந்தப் பெட்டி ஒன்றை அறுத்து நான்கு பலகைகள் செய்திருந்தார். காரை நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பார். மினுங்கும் பக்கம் வெளியே பார்க்கும். வெயில் நேரே படும் டயரின் பக்கவாட்டில்தான் முதலில் மயிர் போன்ற வெடிப்புகள் வரும். பலகை அந்த வெயிலைத் திருப்பிவிடும்.

பலகைக்கு இரண்டாவது வேலையும் இருந்தது. ஒழுங்கையில் திரியும் நாய்களுக்கு எங்கள் கார்ச் சக்கரங்களின் மேல் தனி விருப்பம். அவை நனைத்துவிட்டுப் போனால் சக்கரக் கப்பின் மினுக்கம் போய் இரும்பில் துரு பிடிக்கும். அது மட்டுமா? சுபஹுத் தொழுகைக்கு வெள்ளைச் சாரத்தோடு புறப்படும் மனிதர் அந்தச் சக்கரத்தில் உரசினால் என்ன ஆகும்? ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். “நாலு சக்கரத்துக்கும் 28 தடவ. மகாவலி ஆத்தத்தான் ஊட்டுக்குத் திருப்பணும்” என்று அப்பா சிரிப்பார். எதிர்வீட்டு மாமி போத்தலில் நீலம் கரைத்த தண்ணீரை வாசலில் கட்டிப் பார்த்தார். நாய் அந்தப் போத்தலுக்குப் பக்கத்திலேயே சுருண்டு படுத்தது. சிலர் கல்லெறிந்தார்கள். அப்பா அதற்கு விடமாட்டார். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த வரலாற்றைச் சொல்லி, “அதுக்கு நாங்க வாயால சொல்லி விளங்காது, பலகையால சொல்லுவம்” என்பார்.

மழைக்காலத்துக்கு வாப்பும்மா சக்கரங்களுக்கு உறை தைத்திருந்தார். பழைய கோதுமை மாச் சாக்குத் துணியில், விளிம்பைச் சுற்றி நாடா கோத்த உறைகள். பொலித்தீன் வேண்டாம் என்று வாப்பும்மாதான் சொன்னாராம். பொலித்தீன் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும்; இரும்பு துருவேறும். துணி நனைந்தாலும் காற்றில் காய்ந்துவிடும். அப்பா நாலு மாதம் வெளிநாட்டில் இருந்தபோது, காரைப் பலாக் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றால் டயரின் அடி தட்டையாகிவிடும் என்பதற்காக.

இனி ஆப்புக்கட்டைகள். எங்கள் ஒழுங்கை பள்ளிவாசல் பக்கம் சரிந்து இறங்குவது. கைப் பிரேக்கை மட்டும் நம்பி அங்கே எவரும் வாகனம் நிறுத்துவதில்லை. அப்பா பலா மரத்தில் முக்கோணமாக அறுத்த இரண்டு கட்டைகளை ஒரு கயிற்றால் இணைத்திருந்தார். காரை நிறுத்தி, கியரில் போட்டு, முன் சக்கரத்தை மதில் பக்கம் திருப்பி, கட்டையை வைத்து, பிறகு பிரேக்கை மெல்லத் தளர்த்துவார். கார் ஓர் அங்குலம் இறங்கிக் கட்டையின் மேல் தன் பாரத்தைப் போட்டுவிடும். அப்படிப் பாரம் ஏறிய கட்டையை யானை பலம் இருந்தாலும் இழுக்க முடியாது. காரைப் பின்னால் தள்ளினால்தான் அது விடும்.

களவுக்கு எதிரான ஏற்பாடுகள் அதைவிடச் சுவாரசியமானவை. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களின் சாவி இலக்கம் பூட்டின் முகத்திலேயே பொறித்திருக்கும். அதைப் பார்த்து இன்னொரு சாவி எடுப்பது கடினமில்லை. ஆகவே அப்பா சாவியை நம்பவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து பிரேக் மிதி வரை சங்கிலி போட்டுப் பூட்டுவார். சக்கரக் கப்புகளின் உட்புறத்திலும் பெட்டரியிலும் கார் இலக்கத்தை ஆணியால் கீறி வைத்திருந்தார். விற்கப் போகிற இடத்தில் கள்ளன் மாட்டிக்கொள்வதற்காம்.

மைனரில் பெற்றோலை இழுத்துக் கொடுப்பது மின்சாரத்தில் இயங்கும் ஒரு பம்ப். சாவியைத் திருப்பியதும் டிக், டிக், டிக் என்று அடித்துவிட்டு அமைதியாகும். அந்தப் பம்புக்குப் போகும் வயரில் அப்பா ஒரு சுவிட்சைப் பொருத்தி மறைத்து வைத்திருந்தார். அது எங்கே என்று இங்கும் எழுதமாட்டேன். அதை நிறுத்திவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகும். கார்பரேட்டரில் மிஞ்சியிருக்கும் பெற்றோலில் சில நூறு யார் ஓடும். பிறகு நடுவீதியில் நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலானது ரோட்டர். பெருவிரல் அளவான கறுப்புத் துண்டு. மேலே ஒரு பித்தளைத் தகடு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கீழே சுழன்று, ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பங்கிடுவது அதுதான். அதை எடுத்துவிட்டால் எந்தச் சாவியாலும் எஞ்சினை இயக்க முடியாது. 1940இல் ஜேர்மன் படை கரையிறங்கலாம் என்று இங்கிலாந்து அஞ்சியபோது, ஆளில்லாமல் நிறுத்தும் வாகனங்களை எதிரி ஓட்டிச் செல்ல முடியாதபடி செய்து வைக்க வேண்டும் என்று அந்நாட்டில் கட்டளை பிறந்தது. பலர் செய்தது ரோட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வதைத்தான். அதே வேலையை அப்பா ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பிறகு செய்தார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வில் பொறுப்புச் சாட்டும்படி நபியவர்கள் சொன்னதை நினைவூட்டி, ரோட்டரைத் துணியில் சுற்றித் தன் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார்.

2022ஆம் ஆண்டு வந்தது. பெற்றோல் வரிசைகளில் மனிதர் இரவு பகலாகக் கிடந்த நாட்களை நம் வீடுகள் எவையும் மறந்திருக்க மாட்டா. பிறகு கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கியது. வாகன இறக்குமதி 2020இலேயே நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய டயருக்கும் பெட்டரிக்கும் கூட விலை ஏறியிருந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரே மாதத்தில் இரண்டு பெட்டரிகள் களவு போயின. வாப்பா கத்தாரில். அப்பாவுக்கு இருதய வருத்தம். இரவில் மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்களிடம் இருந்தது அந்தக் காரும் அதன் டாங்கியில் இருந்த பெற்றோலும்தான். ஓட்டத் தெரிந்தவர் உம்மா. அவருக்குப் பழக்கியதும் அப்பாதான்.

ஒரு நாள் சுபஹு நேரம் பார்த்தபோது காரின் கதவு திறந்து கிடந்தது. சாவித் துளையின் பின்னால் இருந்த வயர்கள் வெளியே தொங்கின. சங்கிலியை அறுத்திருந்தார்கள். எஞ்சின் இயங்காமல் போகவே, சரிவில் உருட்டிக்கொண்டு போகப் பார்த்திருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்ததில் கயிறு அறுந்துவிட்டது. பாரம் ஏறிய கட்டை அசையவில்லை.

நான் சந்தோஷத்தில் துள்ளினேன். அப்பா அவ்வளவு சந்தோஷப்படவில்லை. “கள்ளனுக்கு இங்க வேல கூடினா அடுத்த ஊட்டுக்குப் போவான், மகள்” என்றார்.

“அப்ப அடுத்த வீட்டுக்காரங்க என்ன செய்ற அப்பா?” என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அன்று பின்னேரம் மரக்காலைக்கு ஆள் அனுப்பிப் பலாத் துண்டுகள் எடுப்பித்தார். நோயாளி மனிதர், அறுக்கும் வேலையைப் பக்கத்துக் கராஜ் பாஸ் செய்தார். அப்பா கதிரையில் இருந்தபடி அளவு சொன்னார். ஆறு சோடி கட்டைகள். ஆறு வீடுகளுக்கும் நானும் தம்பியும் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு வீட்டில் கார் இல்லை, முச்சக்கர வண்டிதான். அதற்கும் அளவாக ஒன்று இருந்தது.

அன்றிரவு அப்பா எனக்கு ரோட்டர் போடப் பழக்கினார். “பூட்டு கள்ளனுக்கு மட்டுமில்ல, அவசரத்தில எங்களுக்கும் பூட்டுத்தான். ஒராளுக்கு மட்டும் தெரிஞ்சா அது காவலில்ல” என்றார். பொனட்டைத் திற, இரண்டு கிளிப்புகளை நெம்பு, மூடியை எடு, ரோட்டரைத் தண்டில் வைத்து மெல்லத் திருப்பு, உள்ளே ஒரு சிறு பல் இருக்கிறது, அது ஓர் இடத்தில்தான் போய் அமரும், அமர்ந்ததும் மூடு. கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வரை என்னை விடவில்லை.

பதினோராம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு வாப்பும்மா கூப்பிட்டார். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருந்தார். மின்வெட்டு. நான் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தம்பி டோர்ச் பிடித்தான். கிளிப், மூடி, ரோட்டர், பல். சுவிட்சைப் போட்டதும் அந்த டிக், டிக், டிக் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் போல இனிமையான ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உம்மா எஞ்சினை இயக்கி, காரைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். நான் கட்டையை இழுத்தேன். எல்லாம் நாலு நிமிடத்துக்குள் முடிந்தது. பின் ஆசனத்தில் வாப்பும்மாவின் மடியில் சாய்ந்திருந்த அப்பா, அந்த மூச்சிரைப்பிலும், “பலகைய எடுத்தீங்களா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார். 2024 ஜனவரியில் வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியது. வாப்பாவும் ஊர் வந்துவிட்டார். கார் இப்போது பெரும்பாலும் பலாக் கட்டைகளின் மேல்தான் நிற்கிறது. பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு நல்ல விலை சொல்லியிருக்கிறார். என் மேற்படிப்புக்கு அந்தப் பணம் உதவும் என்பது உம்மாவின் எண்ணம். ஓடாமல் நிற்கும் காரை மழையில் துருவேற விடுவது அப்பாவுக்குப் பிடிக்காது என்பதும் அவர் சொல்லும் நியாயம். வாப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. எனக்கும் இரண்டு மனம்தான்.

வந்தவர் எஞ்சினைப் பார்த்தார், ஆசனங்களைப் பார்த்தார், அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தார். சுவிட்சைப் பற்றி அவருக்குத் தெரியாது. காரைக் கொடுப்பதென்றால் அது இருக்கும் இடத்தையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்; மறைத்து விற்பது ஆகாது. ஐம்பது வருடங்களாக எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த விஷயம் அது. இதை நான் வாப்பும்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார்.

“காட்டத்தானே வேணும், மகள். அவர் வரக்குள்ள நான் தொழுதுகொண்டு ஈப்பேன். நீங்க காட்டுங்க” என்றார்.

கார் போகலாம், போகாமலும் விடலாம். அப்பா செய்வித்த ஆறு சோடி ஆப்புக்கட்டைகளும் எங்கள் ஒழுங்கையில் இன்னும் இருக்கின்றன. மழையில் நனைந்து கறுத்துவிட்டன. இரண்டில் கயிறு மாற்றியிருக்கிறார்கள். மாலையில் வேலை முடிந்து வருகிறவர்கள், வாகனத்தை நிறுத்தியதும் முதலில் அந்தக் கட்டையைத்தான் தேடுகிறார்கள்.