மரியாதைக்கு ஒரு வரிசை

சீருடைக்காரர் வரிசையாக நின்றால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறும். வாவிக்கரையில் சுற்றிவளைப்புகளைக் கண்ட உங்களுக்கும் அப்படித்தான். ஆனால் தோழிகளே, மரியாதைக்காக நிற்கும் வரிசையும் உண்டு.

1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கச் சென்ற தீயணைப்புப் படையினர் 66 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் இந்தியத் தீயணைப்பு நிலையங்களில் அணிவகுத்து நின்று, மலர்வளையம் வைத்து அவர்களை நினைவுகூருகிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு தீயணைப்பு நிலையத்தில் இப்படியொரு மரியாதை அணியைத் தொடங்கப் பெருஞ்செலவு வேண்டாம். நிமிர்ந்து நிற்கப் பழகிய ஆறேழு பேர் போதும். இறந்தவரின் தாய்க்கும் மனைவிக்கும் முன்வரிசையில் கதிரை போடவேண்டும்.

உடல்கூடக் கிடைக்காமல், ஊர்கூடி அழ முடியாமல் போனவர்கள் நம்மில் பலர். ஒருவர் பெயரை உரக்கச் சொல்லி எல்லோரும் எழுந்து நிற்பதன் பெறுமதி நமக்குத் தெரியும்.