புல்லுக்கட்டும் தலைவலியும்

எங்க வீட்டுல தலைவலித் தைலம் உப்பு மாதிரி; இல்லாத நாள் கிடையாது. பிடரியில தொடங்கி வலது நெற்றிக்கு ஏறுதுன்னு வீட்டுக்காரி சொல்லுவா. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு மறுபடியும் வயலுக்குப் போவா. "புல்லறுக்க மடி, அதான் தலைவலி"ன்னு நான் கேலி பேசுனதும் உண்டு.

பக்கத்து வீட்டுப் பெரியம்மைக்கு வாதம். 2021 ஆகஸ்டுல தொடங்குன 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல, பிசியோதெரபி செய்ய ஒரு பிள்ளை வீட்டுக்கே வரும். ஒருநாள் இவ தைலம் தேய்க்கதைப் பார்த்துட்டு, மண்டையோட்டுக்குக் கீழே பிடரியை அமுக்கிப் பார்த்துது. நெற்றியில அதே வலி!

"அக்கா, கழுத்தோட மேல் மூணு நரம்பும் முகத்து நரம்பும் மூளைத்தண்டுல ஒரே இடத்துல சேருது. அதனால கழுத்து நோவு நெற்றியில தெரியும்."

முப்பது வருஷமா சும்மாடு வச்சுச் சுமந்த கழுத்து.

முதல்ல டாக்டர்ட்ட காட்டச் சொல்லிச்சு. காட்டினோம். மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலேயோ வலி மாத்திரை போட்டா மாத்திரையே தலைவலி தரும்னு டாக்டர் சொன்னாவ. பிறகு பயிற்சி. தலை குனியாம நாடியை உள்ளே இழுத்துப் பத்து எண்ணணும். பத்துத் தடவை, ரெண்டு நேரம்.

வாந்தியும் வெளிச்சம் ஆகாமையும் வர்ற மைக்ரேனுக்கு மருந்து வேணும், பயிற்சி துணைதான். திடீர்னு இடி விழுந்த மாதிரி வலி, கை கால் மரப்பு, பேச்சுக் குழறல்னா நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

ரெண்டு மாசத்துல அவளுக்கு வாரத்துக்கு ஒருநாள்னு குறைஞ்சுட்டு. புல்லுக்கட்டு இப்ப என் சைக்கிள் கேரியர்ல வருது. இத்தனை வருஷமும் அந்த சைக்கிள் வீட்டுலதான் நின்னுது.