எச்.எம். என்ற இரண்டு எழுத்து

மூளை, நரம்பு என்றாலே "அது பயோ செய்த ஆக்களின்ர விசயம்" என்று கலைப்பீடத்தில் இருக்கிற நாங்கள் கனபேர் ஒதுங்கிவிடுகிறோம். உளவியல் பாடத்தில் எச்.எம். என்ற இரண்டு எழுத்து வரும்போதும் அப்படித்தான். நோட்ஸில் நாலு வரி, சோதனைக்கு ஒரு கேள்வி. அதோட சரி.

அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருந்தவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். கடுமையான வலிப்பால் வேலை செய்யவும் முடியாமல் இருந்தார். 1953இல், அவருக்கு 27 வயதாக இருக்கும்போது, வைத்தியர் வில்லியம் ஸ்கோவில் சத்திரசிகிச்சை செய்து, மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தவை மனதில் தங்கவில்லை. இப்போது கதைத்துவிட்டுப் போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தால், ஹென்றிக்கு அவர் புது ஆள்.

உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்தார். கையை நேரே பார்க்கக் கூடாது. கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து, இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். செய்து பாருங்கோ, கை எதிர்ப்பக்கம் இழுக்கும். ஹென்றி மூன்று நாள் செய்தார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. ஆனால் முந்திச் செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. நடந்ததை மனம் வைத்திருக்கிற வழி வேறு, கை பழகுகிற வழி வேறு என்பது இங்கேயிருந்துதான் தெளிவாகத் தொடங்கியது.

இதை வாசிக்கேக்க எங்கட அம்மம்மாதான் நினைவுக்கு வந்தா. அவவின்ர வருத்தம் வேறு, ஹென்றிக்கு நடந்தது வேறு. ஆனாலும், "நீங்கள் ஆற்ற பிள்ளையள்?" என்று எங்களையே கேட்கிறவ, சார்வோலையைக் கையில் கொடுத்தால் பிசகாமல் பெட்டி இழைப்பா. "அவவுக்கு எல்லாம் மறந்து போச்சு" என்று சொந்தக்காரர் சொன்னால், இப்போது எங்களிடம் பதில் இருக்கிறது: எல்லாம் போகேல்லை.

அரை நூற்றாண்டுக்கு மேலாக ஹென்றி ஆய்வுகளில் பங்குபற்றினார். 2008இல், 82 வயதில் இறந்த பிறகுதான் அவருடைய முழுப்பெயர் வெளியே வந்தது. பிறகு அவருடைய மூளை 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டது. நேற்று 'ஓம்' என்று சொன்னது இன்று நினைவில் இல்லாத ஒருவரிடம் சம்மதம் வாங்குவது எப்படி? அவருக்காக யார் 'ஓம்' சொல்லலாம்? நுணுக்குக்காட்டியால் இதற்கு விடை காண முடியாது. மெய்யியலும் சமூகவியலும் படிக்கிற எங்களுக்கும் இங்கே வேலை இருக்கு.