உரம் விழலைங்க, குடல் செருகிருக்கு

அழுற குழந்தைக்கு நம்ம ஊர்ல நடக்கிற வைத்தியங்களைப் பத்தித் தனிப்பதிவே போடலாம் மக்கா. ஓமத்தண்ணி, உரைமருந்து சமாச்சாரமெல்லாம் இன்னொரு நாள் வச்சுக்கலாம். உரம் விழுந்திருக்குன்னு சேலையில போட்டு உருட்டுறதும், குடலேற்றம்னு வயித்தை நீவுறதும்தான் எனக்குக் கிலி.

போன வருஷம் தங்கச்சி பையனுக்கு எட்டு மாசம். சளி பிடிச்சு அப்பத்தான் விட்டிருந்தது. திடீர்னு காலை மடக்கிக்கிட்டு வீல்னு கத்துவான். ரெண்டு நிமிஷத்துல அடங்கி, துவண்டு கிடப்பான். கால்மணி நேரம் கழிச்சு மறுபடியும். அப்புறம் பச்சையா வாந்தி. பக்கத்து வீட்டு ஆச்சி "உரம்தான்"னு சேலையை எடுத்தாச்சு. தங்கச்சி கேக்கலை, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆட்டோ ஏறிட்டா.

ஸ்கேன் ரூம். கருவின் பாலினம் சொல்ல மாட்டோம்ங்கிற போர்டுக்குக் கீழ, கத்துற ஆம்பளைப் பிள்ளை. ஜெல் தடவி மெதுவா அமுக்கிக்கிட்டே தேடுனாங்க. குடல்ல இருக்கிற காத்து ஒலியை மறைச்சிடுமாம், அதை ஒதுக்கத்தான் அந்த அமுக்கல். வயித்துல வலது பக்கம் வந்ததும் திரையில வட்டத்துக்குள்ள வட்டம். வெங்காயத்தைக் குறுக்க வெட்டுன மாதிரி அச்சு அசலா!

சட்டைக்கை உள்ள மடங்குற மாதிரி, சிறுகுடலோட கடைசிப்பகுதி பெருங்குடலுக்குள்ள செருகிக்கும். இன்டஸ்சஸ்செப்ஷன்னு பேரு. ஒரு வயசுக்குள்ளதான் அதிகம். சளி, வயித்துப்போக்குக்கு அப்புறம் குடல்ல நெறி கட்டி வீங்குறது பல சமயம் காரணம். மாட்டுன பகுதிக்கு ரத்தம் போகாம அழுகிடும். ஜெல்லி மாதிரி ரத்தம் கலந்து மலம் போறது பாடப்புத்தக அறிகுறிதான், ஆனா அது வர்றப்ப நேரம் கடந்திருக்கும். எக்ஸ்ரே பல தடவை கோட்டை விட்டுடும். கைதேர்ந்தவங்க பார்த்தா ஸ்கேன் அநேகமா விடாது, கதிர்வீச்சும் கிடையாது. பச்சிளங்குழந்தை பச்சையா வாந்தி எடுத்தா குடலே முறுக்கியிருக்கலாம். அதுல ரத்தக்குழாய் சுழிச்சு நிக்கிறதையும் இதே ஸ்கேன்ல பாக்கலாம்.

வைத்தியமும் ஸ்கேன் பார்த்தபடியேதான். ஆசனவாய் வழியா சலைனை அழுத்தத்தோட ஏத்துனாங்க, வெங்காயம் கொஞ்சங்கொஞ்சமா பின்வாங்குச்சு. சீக்கிரம் வந்தா பத்துல எட்டுக்கு இப்படியே சரியாகிடுமாம். குடல் ஓட்டையாகியிருந்தா இந்த வேலையே ஆகாது, நேரா ஆபரேஷன்தான். அதனால சர்ஜனும் பக்கத்துலயே நின்னாரு. சேலையில உருட்டுறவங்களுக்குத் திரை ஏது, சர்ஜன் ஏது?

பத்துல ஒண்ணு திரும்பச் செருகும், ரெண்டு நாள் கவனிங்கன்னாங்க. அன்னிக்கு ராத்திரி அவன் சிணுங்குனப்பல்லாம் வார்டுல எல்லாரும் எந்திரிச்சு உக்காந்தோம். பயபுள்ளைக்குப் பசி!