ஸ்விஃப்டுக்கு என்ன விலை?

4 அக்டோபர் 2025, சனி

தீபாவளிக்குள் புது வண்டி எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. அதற்கு முன் பழைய ஸ்விஃப்டை என்ன விலைக்குக் கொடுப்பது என்று முடிவாக வேண்டும். அம்பத்தூர் பக்கம் பழைய கார் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் போனில் கேட்டேன். வண்டியைப் பார்க்காமலே சொன்னார்: “செப்டம்பர் 22க்கு முன்னாடி கேட்டிருந்தா வேற கணக்கு சார்.”

நியாயம்தான். அன்றிலிருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டது. 28 சதவீத வரி, அதன் மேல் 1 சதவீத செஸ் என்று இருந்தது; இப்போது மொத்தமே 18. ஷோரூமில் 7 லட்சமாக இருந்த வண்டி, வரிக் குறைப்பை அப்படியே கொடுத்தால் 6.40 லட்சத்துக்கு வந்துவிடும். புதுசு அறுபதாயிரம் இறங்கிய பிறகு பழசு மட்டும் அதே விலையில் எப்படி நிற்கும்? என் வண்டியில் ஒரு கீறல்கூடப் புதிதாக விழவில்லை. விலை இறங்கிவிட்டது.

5 அக்டோபர், ஞாயிறு

பீரோவிலிருந்து வண்டிக் காகிதங்களை எடுத்து வைத்தேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், சர்வீஸ் பில்கள், இரண்டாவது சாவி. கடன் 2023-லேயே முடிந்தது. வங்கியில் என்.ஓ.சி. வாங்கி, ஃபாரம் 35 கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து ஹைப்பாதிகேஷனை அப்போதே நீக்கியாயிற்று. கடனை அடைத்ததோடு இதை மறந்துவிடுகிறவர்கள், விற்கிற நேரத்தில் வங்கிக்கு அலைகிறார்கள். அந்த அவசரம் விலையில் கழியும்.

ஆர்.சி.யில் தயாரிப்பு 12/2018, பதிவு ஜனவரி 2019. சந்தையில் இது 2018 மாடல்தான். ஒரு மாதத்துக்காக ஒரு வருட விலை போகிறது. டிசம்பர் தள்ளுபடியில் வண்டி எடுப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் அந்தத் தள்ளுபடியை எடை போட வேண்டும்.

7 அக்டோபர், செவ்வாய்

வியாபாரி அனுப்பிய தம்பி காலையில் வந்தார். ஆர்.சி.யில் வேளச்சேரி முகவரியைப் பார்த்ததும் முதல் கேள்வி: “வண்டில தண்ணி ஏறியிருக்கா சார்?” 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வண்டி திருச்சியில் என் தம்பி வீட்டில் நின்றது, 2024 அக்டோபர் மழையில் மேம்பாலத்தின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தேன். சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்று நீர் ஏறினால் பழுப்புக் கோடு விழுந்துவிடும். கழுவினாலும் லேசில் போகாது. பிறகு ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவினார். சென்னை வண்டிக்கு இந்தச் சோதனை கட்டாயம் என்றார். எஞ்சினை ஸ்டார்ட் செய்தது அதற்கப்புறம்தான்.

அடுத்து, பெயிண்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவி. கதவுகளில் எல்லாம் 100, 120 மைக்ரான், கம்பெனி பெயிண்ட். இடது முன் ஃபெண்டரில் 240. பார்க்கிங்கில் ஒரு பைக் உரசியபோது அடித்த பெயிண்ட் அது. அன்று க்ளெய்ம் போடாமல் கைக்காசைக் கொடுத்துச் செய்தேன். அதனால் பாலிசியில் என்.சி.பி., அதாவது க்ளெய்ம் போடாததற்கான தள்ளுபடி, 50 சதவீதம் அப்படியே இருக்கிறது. தொடர்ந்து ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாவிட்டால்தான் 50 வரும். அந்தத் தம்பி பாலிசியைப் பார்த்ததும் முகம் மாறியது. பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை, க்ளெய்மும் இல்லை. ஆக்சிடென்ட் வண்டி இல்லை என்பதற்கு இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

62,000 கிலோமீட்டர் ஓட்டம். மீட்டரை அவர் நம்பவில்லை, நம்பவும் கூடாது. சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரைத் தேதி வரிசையில் பார்த்தார். பெடல் ரப்பர் தேய்ந்திருப்பதும் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்தார். டயரில் 4618 என்ற எண்: 2018-இன் 46-ஆவது வாரம் செய்தது. “பட்டன் கொஞ்சம் இருக்கு, ஆனா ரப்பர் காஞ்சிருச்சு. நாலும் மாத்தணும்.”

சீட் கவருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் 35,000 செலவழித்திருந்தோம். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வாங்குகிறவர் அதற்காகக் கூடுதலாகத் தர மாட்டார் என்றால் வியாபாரி மட்டும் எதற்குத் தருவார்?

கணக்கை எழுதியே காட்டச் சொன்னேன். வண்டியை 5,05,000க்கு விற்கலாம். டயருக்கு 20,000, பம்பரும் ஃபெண்டரும் பெயிண்ட் அடிக்க 12,000, சர்வீஸ், பாலிஷ், பெயர் மாற்றத்துக்கு 8,000. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; 2025 ஜனவரிக்கு முன் சின்ன கார்களுக்கு அது 12 ஆக இருந்தது. வரியும் லாபமும் சேர்த்து 40,000. மீதி 4,25,000. எல்லோரும் இப்படி எழுதிக் காட்டினால் பாதி மனக்கசப்பு இருக்காது.

8 அக்டோபர், புதன்

அம்பத்தூர் வியாபாரியின் யார்டில் ஒரு ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் நிற்கிறது. அருமையான வண்டி, மறைமலை நகரில் செய்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு கேட்பவர் குறைந்துவிட்டார்களாம். எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும், கம்பெனி போய்விட்டால் உரிமையாளர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

11 அக்டோபர், சனி

புது வண்டி ஷோரூம். பழைய வண்டிக்கு 4,60,000 தருகிறோம் என்றார்கள். உடனே சந்தோஷப்படவில்லை. “பழைய வண்டி இல்லாமல் வந்தால் புது வண்டி என்ன விலை?” என்று தனியாகக் கேட்டேன். அப்போதுதான் 40,000 ரொக்கத் தள்ளுபடி வெளியே வந்தது. எக்ஸ்சேஞ்ச் என்றால் அது கிடையாது. எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000 அந்த 4,60,000-க்குள்ளேயே அடக்கம். அதாவது என் வண்டிக்கு அவர்கள் வைத்த விலை 4,40,000. போனஸையும் சேர்த்த 4,60,000-இலிருந்து, இழக்கும் 40,000 தள்ளுபடியைக் கழித்தால் எனக்கு நிற்பது 4,20,000. இரண்டு வியாபாரத்தையும் ஒரே தாளில் எழுதும்போது எது எங்கே போகிறது என்று தெரிவதில்லை.

அம்பத்தூருக்கே போன் செய்தேன். டயர் விலையில் பேசி 4,30,000க்கு முடிந்தது.

16 அக்டோபர், வியாழன்

வண்டியைக் கொடுத்தாயிற்று. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்.சி.பி. கடிதம் கேட்டிருக்கிறேன். அந்த 50 சதவீதம் வண்டியோடு போவதில்லை, நம்மோடு வருவது. புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியம் பாதியாகும்.

அக்கா மகன் அவனுடைய வண்டியை யாரோ ஒரு புரோக்கரிடம் கூடுதல் விலைக்குக் கொடுக்கப் போகிறானாம். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-இல் வெறுமனே கையெழுத்துப் போட்டால் போதும் என்றாராம் அந்தப் புரோக்கர். அவர் பெயரை மாற்றாமலே விட்டால்? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து, அங்கீகாரச் சான்று பெற்ற டீலரிடம் வண்டியைக் கொடுத்து ஃபாரம் 29சி பதிவு செய்தால் பொறுப்பு டீலருக்குப் போய்விடும். அவனிடம் சொல்லிவிட்டேன்: “பத்தாயிரம் குறைஞ்சாலும் பரவாயில்லப்பா, 29சி போடுற இடத்துலயே கொடு.”